நாக்கில் வைத்துப் பார்ப்பது

குக்கரில் ஆவி அடங்கிவிட்டது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். ஐந்து வாரத்தில் இது பழக்கமாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை ஓரமாகச் சாய்த்து, முதல் ஆவி ஜன்னல் பக்கமாகப் போகும்வரை மனசுக்குள் எண்ணுவேன். பத்து வந்ததும் மெல்ல மூச்சு விடலாம். பச்சையாக இருக்கும்போது காரட்டுக்கு மண்ணும் ஈரமும் கலந்த நல்ல வாசனை. வெந்துவிட்டால், நனைந்த துணியை மடித்து அலமாரியில் வைத்து மறந்துபோன மாதிரி ஓர் இனிப்பு. கரண்டி நுனியால் தொட்டுப் பார்க்கிறேன். தடையே இல்லாமல் உள்ளே போகிறது. தடை தராத பொருள்களைத் தொட்டால் எனக்குத் தொண்டைக்குள் ஏதோ ஏறி வரும். மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குச் சாரலுக்கு ஊட்டவேண்டும். கூடத்தில் பாயில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஏழு மாதம் பன்னிரண்டு நாள். ஐந்து நாளாக என் கையால் எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காலையில் சுகிர்தா செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “இன்னைக்கும் துப்புனா நான் அம்மாவுக்குப் போன் பண்ணிடுவேங்க. ஞாயித்துக்கெழம வந்து தொறையூருக்குக் கூட்டிட்டுப் போகட்டும். இருநூறு கிராம் எறங்கிருக்கா. இப்படியே விட முடியாது.” தாய்ப்பாலுக்கு என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன். அவள் ஏற்கெனவே யோசித்துவிட்டாள் என்று கழுத்து நரம்பில் தெரிந்தது. வாசல்வரை போய்த் திரும்பி, “நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தானே குடுக்கறீங்க?” என்றாள். “பின்னே?” என்றேன். ஐந்து வாரமாக இதே கேள்வி, இதே பதில். பின்னே என்பது பொய்யா என்று கேட்டால் பொய் என்று நிரூபிக்க முடியாது. லிப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் வங்கிக்குப் போய்விட்டாள். ஒருதடவைகூட நான் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

வைக்க முடியாது. அவ்வளவுதான். கரண்டியை உதடுவரை கொண்டுபோயிருக்கிறேன், இரண்டு தடவை. உதடு தானாக மூடிக்கொள்ளும். பூசணி, பீட்ரூட், ஆப்பிள், சர்க்கரைவள்ளி எதுவாக இருந்தாலும் அரைத்துவிட்டால் ஒன்றுதான். ஏற்கெனவே யாரோ மென்று முடித்ததுபோல. இந்த யோசனை வந்தபிறகு அதைத் தள்ள முடியவில்லை. மிக்ஸி மென்றுவிட்டது, நான் அதைக் கிண்ணத்தில் பிடிக்கிறேன், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு. வேடிக்கை என்னவென்றால் ப்யூரி என்பதே நான் கொண்டுவந்த ஏற்பாடு. ஆறு மாதம் முடிந்த அன்று துறையூரிலிருந்து அத்தை போன் பண்ணினார். “மாப்ள, பருப்பையும் சோத்தையும் கொழைய வேகவச்சு, நெய் விட்டு, கையால மசிச்சுக் குடுங்க. விரல்லயே ஊட்டுங்க. மிசின்ல போட்டு அடிச்சா புள்ளைக்கு என்னா ருசி தெரியும்?” நான் கிருமி என்றேன், நகக்கண் என்றேன், நிறைய வீடியோ பார்த்துவிட்டதால் அளவுகளெல்லாம் சொன்னேன். அத்தை சிரித்தார். “அப்ப நீங்கள்லாம் எதுல வளந்தீங்க மாப்ள, மிக்ஸியிலயா?” இல்லை, கையில்தான். அப்பாவின் கையில். அவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அவர் சாம்பார் முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர் என்று தட்டை மாற்றுவதில்லை. எல்லாம் அதிலேயே. பிசைவார். விரல் இடுக்குகளில் சோறு பிதுங்கிப் புறங்கைக்கு வரும், அதை நாக்கால் எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அப்பாவின் தட்டில் கடைசிக் கவளம் கடைக்குட்டிக்கு. கடைக்குட்டி நான். தட்டின் ஓரமெல்லாம் வழித்து, ஊறுகாய்ச் சாற்றில் ஒருமுறை உருட்டி, “வா” என்பார். அவர் வாய்க்குப் போய்வந்த கை. வெதுவெதுவென்று இருக்கும். அந்தச் சூடு சோற்றினுடையதா கையினுடையதா என்று தெரியாது. நான் வாயை இறுக்கிக்கொண்டால் கோமதி அக்கா, “துரைக்கு எறங்கல பாரு” என்பாள். அம்மா, “அப்பா கையால குடுக்கறத வேணாங்கலாமாடா, வாங்கிக்கோ” என்பாள். வாங்கிக்கொள்வேன். மெல்லாமல் விழுங்கினால் நாக்கில் படும் நேரம் குறையும் என்று கண்டுபிடித்திருந்தேன். ஆனாலும் ஊறுகாய் எரியும். கண்ணில் நீர் முட்டும். அழுத்தக்காரன், ஒரு வாய்ச் சோத்துக்கு அழுவறான் பாரு என்பார்கள். எரிகிறது என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. எரிவதும் பிடிக்காததும் வேறுவேறு என்று அப்போது தெரியாது.

காரட்டைத் தட்டில் பரப்பி ஆறவிடுகிறேன். பக்கத்து அடுப்பில் கிண்ணம், கரண்டி, வடிகட்டி மூன்றும் கொதிக்கின்றன. பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து. என்னைப்போலச் சுத்தம் பார்க்கிறவன் இந்த அடுக்குமாடியில் வேறு யாரும் இருக்கமாட்டான். ஜாரை மட்டும் கொதிக்க வைக்க முடியாது, அடியில் ரப்பர் வாஷர் இருக்கிறது, கெட்டுவிடும். அதற்குச் சோப்பும் வெந்நீரும்தான். சாரலுக்கென்று தனியாக ஒரு குட்டி ஜார் வாங்கியிருந்தேன். போன வியாழக்கிழமை அது நின்றுவிட்டது. ப்ளேடு சுற்றாமல் முனகியது. கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்து விரலால் சுண்டிப் பார்த்து, “புஷ் தேஞ்சுபோச்சு சார். இதுல போயி என்னத்த அரைச்சீங்க, கருங்கல்லா?” என்றார். காரட் என்றேன். “அடுத்த வியாழக்கெழம வாங்கிக்கங்க” என்றார். நாளைக்கு. அதுவரை வீட்டுச் சமையலுக்கான சின்ன ஜார். காலையில் சட்னி அரைத்த அதே ஜார். சுகிர்தாவுக்குத் தோசை என்றால் காரம் வேண்டும், தேங்காய் பெயருக்குத்தான், மிளகாய் ஆறு, பூண்டு நாலு பல். அரைத்து வழித்ததும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டி அதையும் சட்னியிலேயே ஊற்றிவிடுவேன். அதிலேயே ஜார் பாதி கழுவின மாதிரி. பிறகு சோப்பு. மின்னுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், ஒரு துணுக்கு இல்லை. காரட்டைப் போட்டு, வேகவைத்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டு மூடுகிறேன். கூடத்தில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. மிக்ஸி ஓடினால் அவள் எப்போதும் தட்டுவதை நிறுத்திக் கேட்பாள். முன்பெல்லாம் இந்தச் சத்தத்துக்குச் சிரிப்பாள், இரண்டு கையையும் அடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமையிலிருந்து உதட்டைப் பிதுக்குகிறாள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் மறுபடி மூச்சை நிறுத்துகிறேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று சுவரெல்லாம் அப்பிக்கொண்டு, நடுவில் குழிவிழுந்து, ஒரு குமிழி மேலே வந்து மெதுவாக உடைகிறது. வாய்கொண்டு மூச்சு விடுகிறேன். மூக்கு வேண்டாம்.

வடிகட்டியில் கரண்டியின் முதுகால் தேய்க்கவேண்டும். கீழ்ப்பக்கம் புழுக்கள்போல வரிவரியாக இறங்கும், அதைக் கத்தியால் வழித்துக் கிண்ணத்தில் தட்டவேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு முழங்கை மயிர் நிற்கும். புழு என்று நினைக்காதே என்றால் புழுதான் வரும். என் வேலை எங்கோ இருக்கிற நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு உபாதைக்கும் அதற்குரிய எண்ணைப் போடுவது. மத்தியானம் இரண்டரைக்கு வீட்டிலிருந்தே லாகின். சீழ், கோழை, மலத்தில் ரத்தம், எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன். திரையில் அவற்றுக்கு வாடை இல்லை. வாந்திக்கு ஓர் எண், பித்த வாந்திக்கு வேறு எண், குழந்தை உணவை மறுப்பதற்கும் உண்டு. நேற்று வேலைக்கு நடுவில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ அதைத் தெரிந்துகொண்டால் பாதி தீர்ந்துவிடும்போல. தகப்பனின் அருவருப்பால் என்று ஒரு உட்பிரிவு இல்லை. ஆனால் அதுதான் காரணம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்கு நம் முகத்தைத் தவிர வேறு என்ன வேலை, நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறார்கள். கரண்டியை நீட்டும்போது என் மேலுதடு ஒரு பக்கம் சுருங்குகிறது, சுகிர்தாவே சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் இட்லியை வெந்நீரில் கரைத்து விரலால் ஊட்டினாள், ஒரு இட்லி முழுக்கப் போனது. கன்னத்தில் ஒழுகியதை வழித்துத் தானே நக்கிக்கொண்டாள். நான் திரும்பிக்கொண்டேன். “பாருங்க, எங்கிட்ட சாப்புடுது. உங்ககிட்ட மட்டுந்தான் அடம்” என்றாள். குற்றம் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னாள். பிறந்த அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும். நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். நெற்றியிலும் காது மடிப்பிலும் வெண்ணெயும் பசையும் கலந்தமாதிரி ஒன்று. கை நீளவில்லை எனக்கு. “என்ன சார், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் குடுத்தாத்தான் வாங்குவீங்களா?” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாங்கிக்கொண்டேன். பிறகு கழிவறைக்குப் போய் முழங்கைவரை கழுவினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை. காலையில் துறையூர் என்று சுகிர்தா சொன்னபோது எனக்குள் ஒரு இறுக்கம் தளர்ந்தது. வயிற்றுக்கு மேலே, சட்டைப் பித்தான் கழன்றமாதிரி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த ஆவி இல்லை, வடிகட்டி இல்லை. அது ஒரு நொடிதான். ஆனால் ஒரு நொடி இருந்தது. அப்படியானால் இந்த ஐந்து நாளும் அவள் துப்பத் துப்ப நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? துப்பக்கூடாது என்றா, துப்பட்டும் என்றா? கத்தியால் வழித்ததைக் கிண்ணத்தில் தட்டுகிறேன். கிண்ணம் கைக்குச் சூடாக இருக்கிறது. வெதுவெதுவென்று.

பதினொன்று. அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டையைப் போடுகிறேன். வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருக்கிறது. பல் வருகிற நேரம், எச்சில் ஒழுகி ஒழுகி அப்படி ஆகும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழே ஒரே ஒரு பல், அரிசிமுனை அளவு. கரண்டி அதற்கு ஒரு அடி தூரத்தில் இருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். வாய் உள்ளே இழுத்துக்கொண்டு கோடாகிவிட்டது. எனக்கு அந்தக் கோட்டைத் தெரியும். “சாரல், ஒரு வாய். அப்பாவுக்காக ஒரே ஒரு வாய்டா தங்கம்” என்கிறேன். என் குரல் எனக்கே யாரோபோலக் கேட்கிறது. கரண்டியைத் தட்டிவிட்டாள். என் கன்னத்தில் ஒரு துளி, சட்டையில் ஒரு துளி. துடைத்துக்கொள்கிறேன், மறுபடி துடைக்கிறேன். அழத் தொடங்குகிறாள். சாப்பிடாமலே, கரண்டியைப் பார்த்தே அழுகிறாள். போன் செய்துவிடலாமா? சுகி, முடியல, அத்தைய வரச் சொல்லிடு. அவ்வளவுதான், ஐந்து சொல். நேற்று சுகிர்தா ஒரு யோசனை சொன்னாள்: “நீங்க சாப்புடற மாரி நடிங்க. நாம சாப்புட்டா அவளுக்கும் ஆச வரும்.” இப்போது கரண்டியை வாய்க்கு அருகில் கொண்டுபோய், “ஆம், ம்ம், நல்லாருக்கே” என்று மென்றேன், வெறும் வாயை. அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பார்த்தாள். அதில் எடுத்தது அப்படியே இருந்தது. மறுபடி அழுதாள். ஏழு மாதக் குழந்தை. அவளை ஏமாற்ற முடியவில்லை. அவள் அம்மாவை ஐந்து வாரமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். சரி, ஒரே ஒரு தடவை. மெல்லாமல் விழுங்கிவிடலாம், அந்த வித்தை எனக்குத் தெரியும். மூச்சை நிறுத்திக்கொண்டு கரண்டியை உள்ளே விட்டுக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. வழுவழுப்பு. நாக்கு அதைத் தொடாமல் ஒதுங்கப் பார்க்கிறது, ஒதுங்க இடம் இல்லை, அண்ணத்தில் ஒட்டுகிறது, இனிப்பாக இருக்கிறது, குமட்டல் காதுக்குப் பின்னால் தொடங்குகிறது, இப்போது விழுங்கவேண்டும் என்று நினைக்கிறேன். அப்போது நாக்கின் நுனியில் ஒரு புள்ளி. பிறகு அது புள்ளியாக இல்லை. ஓரங்களுக்குப் போகிறது, உதட்டின் உள்பக்கத்துக்கு வருகிறது. பூண்டு. மூச்சை விட்டதும் மூக்கில் பூண்டு வாடை, காலையில் அரைத்த அதே வாடை. பெரியவர்கள் காரம் என்றே சொல்லமாட்டார்கள் இதை. தயிர் சாதத்தில் இவ்வளவு இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஏழு மாத நாக்கு. எச்சிலில் வெந்த அந்த உதடு, அதன்மேல் நான் தினமும் கரண்டியின் ஓரத்தால் வழித்து வழித்து உள்ளே தள்ளியது.

இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இல்லை, இருந்தாலும் எடுக்கிறேன். பிறகு இன்னொன்று. ஏன் என்று தெரியவில்லை. குமட்டுகிறது, கண்ணில் நீர் வருகிறது, விழுங்குகிறேன், மறுபடி கிண்ணத்துக்குப் போகிறது கை. வெள்ளிக்கிழமை ஆறு கரண்டி கொடுத்தேன். சனிக்கிழமை நாலு. திங்கட்கிழமை தாடையைப் பிடித்துக்கொண்டு மூன்று. அடம் என்றேன். சத்தம் இல்லை என்று உணர்ந்து நிமிர்கிறேன். சாரல் அழவில்லை. என் வாயையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இமையில் நீர் அப்படியே நிற்கிறது. உதடுகள் கொஞ்சமாகப் பிரிந்தன. நான் விழுங்கும்போது அவளும் விழுங்கினாள். பிறகு முழுக்க வாயைத் திறந்தாள். ஐந்து நாளாக நான் திறக்கப் பார்த்த வாய். உள்ளே ஒற்றைப் பல், ஈரமான சின்ன நாக்கு முன்னால் நீண்டு கரண்டிக்காகக் காத்திருக்கிறது. என் கையில் கரண்டி இருக்கிறது, அதில் காரட் இருக்கிறது. “வேணாம்” என்கிறேன். “வேணாம்டா, இது வேணாம்.” இன்னும் திறந்துகொண்டாள்.

கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தேன். பிரீசரில் வெள்ளிக்கிழமை அரைத்து ஐஸ் ட்ரேயில் உறையவைத்த பன்னிரண்டு கட்டிகள் இருந்தன, அவற்றையும். ஜாரைத் தலைகீழாகப் பிடித்து ப்ளேடைத் திருகிக் கழற்றினேன். சத்தியமாக இத்தனை வருடத்தில் அதைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. கறுப்பு வாஷருக்கு அடியில் பச்சையும் கறுப்புமாக ஒரு வளையம், கொழகொழவென்று, அதில் இரண்டு மிளகாய் விதை. எத்தனை நாள் சட்னி அது? கூடத்திலிருந்து கூப்பிடுகிறாள், அழுகை இல்லை, கூப்பாடு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். மறுபடி கழுவினேன். வாழைப்பழச் சீப்பிலிருந்து கனிந்ததாக ஒன்றைப் பிய்த்து உரித்தேன். மிக்ஸி இல்லை. கரண்டியால் நசுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கையை உள்ளே விட்டேன். பிதுங்கி இடுக்குகளில் வந்தது, புறங்கைக்கு வந்தது. அருவருப்பு போகவில்லை. போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. முழங்கையில் மயிர் நின்றது, மேலுதடு சுருங்கியது, எல்லாம் அப்படியே. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். காத்திருந்தேன். பத்துவரை எண்ணினேன். ஒன்றும் எரியவில்லை. விரலை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். விரலையும் சேர்த்து. பல் பட்டது. ஈறு இறுக்கிப் பிடித்துச் சப்பியது, சூடாக. இழுத்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. இழுக்காமல் விட்டுவைத்தேன்.

மேசையில் போன் அடிக்கிறது. இடது கையால் தொட்டு ஸ்பீக்கரில் போடுகிறேன். “சாப்டாளா?”

“சாப்புடறா.”

“நெசமாவா?” அவளைச் சுற்றி வங்கியின் இரைச்சல். யாரோ பாஸ்புக் கேட்கிறார்கள். “என்னா குடுத்தீங்க?”

“வாழப்பழம். கையால மசிச்சு.”

“யாரு, நீங்களா?” சிரிக்கிறாள். “இருங்க, இத எங்கம்மாட்ட சொல்லணும். மிக்ஸி மாப்ள கைய வச்சிட்டாருன்னு. காரட் என்னாச்சு? நாக்குல வச்சுப் பாத்தீங்களா?”

பின்னே என்று சொல்லலாம். இன்று அது உண்மையும்கூட. சாரல் விரலை விட்டுவிட்டு அடுத்ததற்காக என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் உதட்டின் உள்பக்கம் இன்னும் எரிகிறது.

“இன்னைக்குத்தான்” என்கிறேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் இத்தனை நாள் என்று அவள் கேட்கப்போகிறாள். நான் இன்னொரு சிட்டிகை எடுத்து, முதலில் என் நாக்கில் வைக்கிறேன்.